மலர்க்கொடி பொரி

கொண்டுபோன பொரி அத்தனையும் திரும்பி வந்தது. ஒரு கடை ரெண்டு கடை என்றால் தொலையட்டும் என்று விடலாம். பதினோரு கடை! "கொண்டாப்பா, ஆயுத பூஜைக்குப் பொரி இல்லாமயா" என்று வாய் நிறையச் சொன்னவர்கள்தான் அந்தப் பதினோரு பேரும். பூஜைக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஒருத்தன்கூட மிச்சமில்லாமல், எடுத்துக்கினு போ என்று சொல்லிவிட்டார்கள்.

சைக்கிளின் ரெண்டு பக்கமும் கோணிகள் உப்பிக்கொண்டு நிற்க, வேதகிரி கடைசியாக சுப்பிரமணி மளிகைக் கடை வாசலில் நின்றான். மேலே வானம் கருக்கலாக இருந்தது. தூறல் போடுவதும் விடுவதுமாக இருந்தது.

"இன்னா சுப்பிரமணி, நீதான நூத்தம்பது பாக்கெட்டு ஓணும்னு சொன்ன?"

"சொன்னேன்பா. இல்லேங்கல. இப்ப வெக்க எடம் இல்ல."

"முந்தாநேத்து கொண்டாந்து போட்டப்ப எடம் இருந்திச்சே?"

சுப்பிரமணி தராசுத் தட்டைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடியும் துடைத்தான்.

"பொரி நல்லா இல்லியா?"

"பொரிக்கு இன்னா? மல்லிமொக்கு கணக்கா கீது. நானே ரெண்டு பாக்கெட்டு பிரிச்சித் துன்னேன்."

"அப்பறம் இன்னாதான் பேஜாரு?"

சுப்பிரமணி தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒரு பாக்கெட்டை எடுத்து வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தான். பிளாஸ்டிக் பைக்குள் பொரியோடு மஞ்சள் சீட்டு ஒன்று தெரிந்தது. அதன் கடைசி வரியில் விரலை வைத்தான்.

"இத்தப் படி."

வேதகிரிக்குப் படிக்கவே வேண்டாம். அவனே எழுதி, அச்சாபீசில் அவனே நின்று பிழை திருத்தியது. 'மலர்க்கொடி பொரி. தயாரிப்பவர்: சி. மலர்க்கொடி, காலனி, ஏரிக்கரை ரோடு, உத்திரமேரூர் வட்டம்.'

"இதுல இன்னா தப்பு?"

"யோவ், நீ தெரிஞ்சி கேக்கறியா, தெரியாம கேக்கறியா? சாமிக்கு வெக்கற பொரிய்யா இது! நேத்து ஒரு அம்மா வாங்கினு போயி, அரை அவர்ல திரும்பி வந்து என் மூஞ்சிமேல கடாசாத கொறையா வெச்சிட்டுப் போச்சி. எனுக்கு எல்லாம் ஒண்ணுதாம்பா. வாங்கறவன் பாக்கறானே, நான் இன்னா பண்ணட்டும்?"

இந்த வேதகிரியைப் பற்றிச் சொல்லித்தான் ஆகவேண்டும். இல்லாவிட்டால் இப்படி ஒரு முட்டாள் இருப்பானா என்று நினைத்துக்கொள்வீர்கள். அம்பத்தூரில் ஒரு தகர டப்பா கம்பெனியில் பதினாலு வருசம் பேக்கிங் பிரிவு சூப்பர்வைசராக இருந்தவன். கம்பெனியை மூடியதும் எண்பத்தொண்ணில் ஊரோடு வந்து சேர்ந்தான். அண்ணனோடு சேர்ந்து கழனியைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கலாம். மாட்டேன் என்றான். பஜார் தெருவில் உரக்கடை மாடியில் ஒரு ரூம் பிடித்து, 'சிறுதொழில் ஆலோசனை நிலையம்' என்று போர்டு மாட்டினான். முதல் மாசம் ஏறி வந்தவர்களில் ஒருத்தர் ஜாதகத்தை நீட்டினார். இன்னொருத்தர் பட்டா மாற்றித் தருவீங்களா என்றார். ஒரு கிழவர் பொண்ணுக்கு வரன் கேட்டார்.

அதற்கப்புறம்தான் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். யார் யாரென்றால், பேங்குப் படி ஏறினால் இன்னாடா என்று கேட்கப்படுகிறவர்கள். குடை ரிப்பேர்க்காரர், முறுக்கு சுடுகிறவள், செருப்பு தைக்கிறவர், இந்த மாதிரி. வேதகிரி அவர்களுக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்தான். அதுவே பாதி பேருக்கு மயக்கம் வரவைத்தது. குடைக்காரரை பஸ் ஸ்டாண்டு ஓரத்திலிருந்து எடுத்துப் பள்ளிக்கூட வாசலில் உட்காரச் சொன்னான். முறுக்குக்காரியை செங்கல்பட்டு பஸ் வருகிற நேரம் பார்த்து எண்ணெயைக் காயவைக்கச் சொன்னான். ரெண்டும் பலித்தது. "காசு இப்ப வேணாம். வளர்ந்தப்பறம் குடு" என்பான். அவன் பெண்டாட்டி ஞானசுந்தரி தலையில் அடித்துக்கொள்வாள்.

மலர்க்கொடி அப்படி ஏறி வந்தவள்தான். ஏரிக்கரைக்கு அந்தாண்டக் காலனி. கல்யாணத்துக்கு முன்னே காஞ்சிபுரத்தில் ஒரு பொரி அடுப்பில் வேலை செய்தவள். அரிசியை உப்புத்தண்ணி காட்டி, சுடுமணலில் போட்டு ஒரு புரட்டுப் புரட்டினால் பூவாகப் பொரிந்து நிற்கும். ஒரு மணிகூடக் கருகாது. ஆறு வருசமாக அவள் பொரித்ததை மண்டிக்காரர் பாண்டுரங்கன் பின்கட்டு வழியாக மூட்டையாக வாங்கி, முன்கட்டில் தன் கடைப் பொரி என்று விற்றார். ஊரே வாங்கிச் சாமிக்கு வைத்தது. யார் பொரித்தது என்று ஒரு பிறவி கேட்கவில்லை.

இது தெரிந்ததும் வேதகிரி குதித்தான். "உன் கைவேலைக்கு அவரு பேரா? இந்த வருசம் அவருக்குக் குடுக்காத. நீயே பாக்கெட் போடு. உன் பேரு போடு" என்றான். அம்பத்தூரில் அவன் படித்த பாடம் ஒன்றே ஒன்று: பேரும் விலாசமும் இல்லாத சரக்கு எவன் சரக்கோ. மலர்க்கொடி அஞ்சாவது வரைக்கும் படித்தவள். சீட்டு எழுதியபோது, "காலனின்னு போட்டுத்தான் ஆவணுமா சார்?" என்று ஒரு தடவை கேட்டாள். விலாசத்தைப் பாதி போடுவார்களா என்று அவளை ஒரு அதட்டு அதட்டினான். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அது தெரியாதா என்று கேட்பீர்கள். நன்றாகத் தெரியும். நல்லது செய்கிறோம் என்ற கித்தாப்பு தலைக்கு ஏறிவிட்டால் மனுசனுக்குக் கண்ணெதிரே இருக்கிற சுவர் தெரியாது. இவன் மோதிக்கொண்டதுமில்லாமல் அவளையும் கூட்டிக்கொண்டுபோய் மோதவைத்தான்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவன் காலனிக்குப் போனபோது தூறல் வலுத்திருந்தது. மலர்க்கொடி வீட்டுக்குள்ளே மனுசர் நுழைய இடமில்லை. தரையிலிருந்து கூரை வரைக்கும் பொரிப் பாக்கெட்டுகள். குடும்பம் பத்து நாளாக வெளியே ஓலைத் தாழ்வாரத்தில்தான் படுத்து எழுந்தது. இப்போதும் அங்கேதான் உட்கார்ந்து கேழ்வரகுக் கூழும் சுட்ட கருவாடும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கோணிகள் உப்பலாகவே திரும்பி வந்ததைப் பார்த்ததும் மலர்க்கொடியின் கை கூழிலேயே நின்றுவிட்டது.

"எவ்ளோ போச்சி சார்?"

"போவல மலரு."

"ஒண்ணுகூடமா?"

வேதகிரி விஷயத்தைச் சொன்னான். சொல்லி முடிக்கிறவரைக்கும் அவள் புருசன் சின்னப்பையன் தலை நிமிரவில்லை. அப்புறம் கூழ்ச்சட்டியைத் தள்ளி வைத்தான்.

"ஐயா, நான் ஒண்ணு சொன்னா கோச்சிக்கக் கூடாது. இது ரெண்டு போகத்துக் கூலி நெல்லு. நானு, இவ, என் பெரிய பொண்ணு, மூணு பேரும் அறுத்து அடிச்சி வாங்கினது. ஆறு மூட்டை. அத்த ஒரு மணி துன்னல நாங்க. சித்திரைலேர்ந்து கூழுதான். இவ சொன்னா, ஒரு வருசம் பல்லக் கடிச்சிக்க, அடுத்த வருசம் நம்ம பேரு நிக்கும்னா. சரின்னேன். நாளைக்கு அடைமழை புடிச்சிக்கினா ரெண்டு மாசம் வேலவெட்டி கெடையாது. தாண்டவராயன் வூட்டு நடவுக்கு ஆளனுப்பினாரு, இந்த வேலையிருக்குதுன்னு போவல. இனிமே அந்தப் பக்கம் தல காட்ட முடியாது. பசங்களுக்கு இன்னா குடுப்பேன்? பொரியத் துன்னுட்டு எத்தினி நாள் இருப்பாங்க?"

"யோவ், சும்மா இரு" என்றாள் மலர்க்கொடி.

"நான் சும்மாத்தான இருந்தேன்? ஏழு மாசமா சும்மாத்தான இருந்தேன்!"

அந்த மனுசன் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது வேதகிரிக்கு.

"பாண்டுரங்கனப் போயி பாக்கறேன்" என்றான்.

"நாங்க போனா பின்கட்டுலயே தொரத்திடுவாரு. நீங்க போங்க சார். கால்ல உழுந்தாவது..." மலர்க்கொடி கையிலிருந்த கூழைச் சட்டியிலேயே உதறினாள்.

மண்டியில் வெல்லவாசனையும் கோணிவாசனையும் கலந்து வந்தது. பாண்டுரங்கன் கல்லாவில் சாய்ந்துகொண்டு, எல்லாம் தெரிந்தவர் மாதிரி சிரித்தார். எல்லாம் தெரிந்துதான் இருந்தது.

"வா நைனா. நாஷ்டா ஆச்சா? இன்னா, ஆலோசனை நிலையமே நம்மகிட்ட ஆலோசனைக்கு வந்துட்டுது?"

"தப்பு என்னுதுதாங்க. நீங்க சரக்க எடுத்துக்கங்க. எப்பிடியாவது எடுத்துக்கங்க."

"எடுத்துக்கறேன். மூட்டையா கொண்டா."

"பாக்கெட்டா கீது. ரெண்டாயிரம் பாக்கெட்டு."

"உள்ள அந்தச் சீட்டு கீதே! அத்த வெச்சிக்கினு நான் எப்பிடி விப்பேன்? பிரிச்சி, சீட்ட எடுத்துட்டு, கொட்டிக் கொண்டா."

"பிரிச்சா..."

"பிரிச்சா இன்னா ஆவும்? பாத்துடுவோம்."

ஒரு பாக்கெட்டை வாங்கி பிளேடால் கீறி ஒரு தட்டில் கொட்டினார். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் ஒரு டீ சொல்லி, ஊர்க்கதை பேசினார். தென்னேரி ஏரி ரொம்பிவிட்டதாம், இந்த வருசம் மழை ஜாஸ்தியாம். வெளியே சாரல் அடித்தது. டீ குடித்து முடித்ததும் தட்டைத் தள்ளினார்.

"துன்னு."

வேதகிரி ஒரு பிடி வாயில் போட்டான். மொறுமொறுப்பே இல்லை. சவசவவென்று பல்லில் ஒட்டியது.

"நமுத்துப்போச்சா? இது ஒரு டீ குடிக்கற நேரம். ரெண்டாயிரம் பாக்கெட்டு பிரிச்சிக் கொட்டி, மூட்டை கட்டி, வண்டில ஏத்திக் கொண்டாந்தா எப்பிடி இருக்கும்? அவ எனுக்குப் போட்டப்ப அன்னன்னிக்குப் பொரிச்சி, சுடச்சுடக் கொண்டாருவா. நீ ஒரு மாசமா அடைச்சி வெச்சிட்ட. இனிமே இது மாட்டுக்குத்தான். மாட்டுக்குன்னா சொல்லு, எடுத்துக்கறேன்."

"அந்தப் பசங்க பட்டினி கெடப்பாங்க நைனா!"

"அத்த எங்கிட்ட சொல்றியே. ஆறு வருசமா அவ வூட்ல அடுப்பு எரிஞ்சது எவனால? நான் இன்னா அவளுக்குக் கெடுதலா பண்ணேன்? பேரு கேக்காம சோறு போட்டேன். நீ பேரு போட்டு சோத்தப் புடுங்கிட்ட."

வேதகிரிக்கு எழுந்து அந்த ஆளை ஒரு அறை விடலாமா என்றிருந்தது. சொன்னதில் பொய் இருந்தால் அறைந்திருப்பான்.

வீட்டில் ஞானசுந்தரி நவராத்திரிச் சுண்டலுக்கு மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அவன் வந்து சுவரோரம் உட்கார்ந்தவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். சாப்பாடு வேண்டாம் என்றான். விசும்பி விசும்பி அழவும் ஆரம்பித்துவிட்டான். நாற்பத்தி ரெண்டு வயசு ஆம்பளை அழுதால் பார்க்கச் சகிக்காது. அவள் முறத்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னா ஆச்சின்னு இப்ப சொல்றீங்களா இல்லியா?"

சொன்னான்.

"எனுக்கு அப்பவே தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சா ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீங்க கேக்கற ஆளா? அந்தப் பொரிய நாலு பாக்கெட்டு கொண்டாந்தீங்களே, பசங்களும் நானும் துன்னோம். நல்லாத்தான் இருந்திச்சி. போன வெள்ளிக்கெழம சாமி மாடத்துல வெக்கலாம்னு எடுத்தேன். எடுத்த கை அப்பிடியே நின்னுபோச்சி. எனுக்கே வெக்கமாத்தான் இருந்திச்சிங்க. ஆனா கை போவல. இன்னா பண்ணச் சொல்றீங்க?"

வேதகிரி அவளை நிமிர்ந்து பார்த்தான். ஒரு வார்த்தை கேட்க வாயெடுத்தான். நான் மட்டும் வைத்திருப்பேனா என்ற யோசனை வந்து, வாயை மூடிக்கொண்டான்.

அவளே சொன்னாள். "பைய ஏன் பிரிக்கணும்? மேல ஒரு தாளப் பட்டையாச் சுத்தி ஒட்டிட்டா உள்ள இருக்கற சீட்டு தெரியாதில்ல?"

"பட்டைல இன்னா போடறது?"

"உங்க பேரப் போடுங்க. வேதகிரி பொரி. உங்க பேரு போட்டா எவன் வேணாங்கப் போறான்?"

காலையில் முதல் வேலையாக அவன் அதைச் சொல்லக் காலனிக்குப் போனான். ராத்திரி பூராவும் யோசித்து வைத்திருந்த சமாதானமெல்லாம் மலர்க்கொடி முகத்தைப் பார்த்ததும் மறந்துபோனது.

"உங்க பேரா?" என்றாள்.

"இந்தத் தடவ ஒண்டி மலரு. இந்தப் பூஜை தாண்டட்டும். அடுத்த வருசம்..."

"அடுத்த வருசம் பேச்ச உடுங்க சார்."

அவள் ஒரு பாக்கெட்டைக் கையில் எடுத்து, உள்ளே மஞ்சள் சீட்டு இருக்கும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிளாஸ்டிக் பையின் வாயை ரம்பத் தகட்டில் மடித்து, மெழுகுவர்த்தியில் காட்டி, ரெண்டாயிரத்தையும் ஒட்டினது அவள்தான். விரல் நுனியெல்லாம் சூடுபட்ட தழும்பு. தாழ்வாரத்தில் சின்னவன் கூழ் வேண்டாம் என்று அழுதான். அவள் பாக்கெட்டைக் கீழே வைத்தாள்.

"தாளு எப்ப வரும்?" என்றாள்.

அச்சாபீஸ்காரர் மத்தியானத்துக்குள் அடித்துக் கொடுத்துவிட்டார். சிவப்பு எழுத்து, பெரிய எழுத்து. 'வேதகிரி பொரி, பஜார் தெரு, உத்திரமேரூர்.' மைதாப் பசை காய்ச்சி, காலனி ஜனமே வந்து உட்கார்ந்தது. ஆண்டாளம்மாள் கிழவி பசை தடவ, பொண்ணுங்கள் பட்டை சுத்த, சின்னப்பையன் பத்துப் பத்தாக அடுக்கினான். பொழுது சாயறதுக்குள் ரெண்டாயிரமும் முடிந்தது. அத்தனை பேர் கூடி வேலை செய்தால் அந்தக் காலனியில் ஒரு பாட்டாவது சிரிப்பாவது இருக்கும். அன்றைக்கு எதுவும் இல்லை.

கடைக்காரர்களை நம்பாமல் வேதகிரி மறுநாள் தன் ஆபீஸ் படிக்குக் கீழேயே பெஞ்சு போட்டான். பூஜைக்கு முந்தின நாள் பஜாரே தலைகால் புரியாமல் இருக்கும், பூசணிக்காயும் வாழைக்கன்றும் வாங்குகிற கூட்டம். வானம்கூட அன்றைக்குக் கொஞ்சம் வெளி வாங்கியது. "நம்ம வேதகிரி பொரியா? குடு நாலு." "நம்மாளு தொழில் போட்டுக்கிறான்யா, குடு பத்து." ரைஸ் மில்காரர்கள், லாரி ஷெட்காரர்கள், பக்கத்துப் பெருநகர் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள் என்று ஆளாளுக்கு வாரிக்கொண்டு போனார்கள். தாண்டவராயன் தன் ரைஸ் மில் பூஜைக்கென்று ஆளனுப்பி நூறு பாக்கெட் எடுத்தார். மூன்று மணிக்கெல்லாம் பெஞ்சு காலி. அன்றைக்குச் சாயங்காலமே சின்னப்பையன் வீட்டுக்குள் அரிசி மூட்டைகள் போய் இறங்கின. அதை இறக்கிவிட்டு அந்த மனுசன் வேதகிரி கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனான்.

"சீ, சீ, இன்னாய்யா இது! நாளைக்கு ஆபீஸ்ல பூஜை. மலரு அந்தப் பொரி சலிக்கற சல்லடையக் கொண்டாரட்டும். எல்லாரோட ஆயுதத்தையும் ஒண்ணா வெச்சிப் பொட்டு வெப்போம்" என்றான் வேதகிரி. ரொம்ப நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டான்.

பூஜையன்று காலையில் மாடி ரூமே களைகட்டியிருந்தது. மேஜைமேல் குடைக்காரரின் ஊசி, முறுக்குக்காரியின் அச்சு, செருப்புக்காரரின் உளி எல்லாம் வரிசையாகச் சந்தனம் பூசிக்கொண்டு இருந்தன. மலர்க்கொடி மட்டும் இன்னும் வரவில்லை. ஞானசுந்தரி நைவேத்தியத்துக்குக் கடைசி ரெண்டு பாக்கெட்டை எடுத்து, பட்டையோடு சேர்த்துப் பிளேடால் கீறித் தட்டில் கொட்டினாள்.

பொரியோடு மஞ்சள் சீட்டும் தட்டில் விழுந்தது.

ஐயோ! புருசனும் பெண்டாட்டியும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். மூடி மறைக்கிறதிலேயே குறியாக இருந்தார்களே தவிர, வாங்கினவன் பிரிக்கத்தானே போகிறான் என்று ரெண்டு பேருக்கும் தோன்றவில்லை. இந்நேரம் ரைஸ் மில்லிலும் லாரி ஷெட்டிலும், வீட்டுக்கு வீடும், சாமி படத்துக்கு முன்னால் ரெண்டாயிரம் சீட்டு விழுந்துகொண்டிருக்கும்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மரப்படியில் தடதடவென்று சத்தம். முன்னால் தாண்டவராயன், பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். கூட்டத்தில் மளிகை சுப்பிரமணியும் இருந்தான், மண்டி பாண்டுரங்கனும் இருந்தார். தாண்டவராயன் கையில் சீட்டு.

"டேய் வேதகிரி, இன்னாடா இது?"

"அண்ணா, உக்காருங்க."

"உக்காரறது இருக்கட்டும். மிஷினுக்கு முன்னால வெச்சி, கற்பூரம் காட்டிட்டு, எல்லாருக்கும் குடுத்தாச்சிடா! அப்பறம்தான் இந்தச் சீட்டு வருது. யாருடா இந்த மலர்க்கொடி?"

தாண்டவராயன் கழனியில் இருபது வருசம் நாற்று நட்டவள்தான். சின்னப்பையன் பொண்டாட்டி என்றால் அவருக்குத் தெரியும். பேர் என்ன என்று கேட்டதில்லை.

"சொல்லுடா. எந்த வூடு? காலனில எவ வூடுன்னு காமிச்சா போதும், மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்."

"அஞ்சி நாளைக்கு முன்ன எங்கிட்ட போட்டானே, அந்தச் சரக்குதான் இது" என்றான் சுப்பிரமணி.

கூட்டத்தில் ஒருத்தன் கைலியை மடித்துக் கட்டினான். வேதகிரிக்கு முந்தின நாள் இறக்கிய அரிசி மூட்டைகள் ஞாபகம் வந்தது. அந்த ஓலைத் தாழ்வாரம் ஞாபகம் வந்தது. ஒரு தீக்குச்சி போதும். ஞானசுந்தரி பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அப்போதுதான் அவன் வாய் திறந்தது. திறந்ததும் பொய் தண்ணிமாதிரி வந்தது.

"அண்ணா, அந்தச் சரக்க அன்னிக்கே மாட்டுக்குப் போட்டாச்சி. இது காஞ்சிபுரத்துலேர்ந்து வாங்கின பொரி. சீட்டு ரெண்டாயிரம் மிச்சம் கெடந்திச்சி, பாக்கெட்டு தொவளாம நிக்கட்டும்னு உள்ள சொருகினேன். அவ்ளோதான்."

"அப்ப இந்த மலர்க்கொடி?"

"அப்பிடி ஒரு ஆளே கெடையாதுண்ணா."

"ஆளு இல்லியா?"

"இல்ல. சும்மா எழுதினது. காலனிக்காரங்களுக்கு உதவறோம்னு எழுதிக் காமிச்சாத்தான் நம்ம ஆபீச கவர்ன்மெண்டுல மதிப்பான். அதுக்கோசரம் ஒரு பேரு வெச்சேன். மலர்க்கொடியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

எல்லோரும் மண்டிக்காரரைப் பார்த்தார்கள், பொரி என்றால் ஊரில் அவர்தானே. பாண்டுரங்கன் தொண்டையைக் கனைத்தார். ஆறு வருசமாகத் தன் கடையில் விற்ற பொரியெல்லாம் அவருக்கும் ஞாபகம் வந்திருக்கவேண்டும்.

"ஆமாமா, காஞ்சிபுரத்துச் சரக்குதான். என் லாரிலதான வந்திச்சி" என்றார்.

தாண்டவராயன் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். "அடப்பாவி! கவர்ன்மெண்டுக்கே அல்வா குடுக்கறியா நீ? கில்லாடிடா!" கூட்டமும் சிரித்தது. அத்தனை பேருக்கும் அந்தப் பொரி தொண்டையில் நின்றிருந்தது. இப்போதுதான் உள்ளே இறங்கியது. ரெண்டு பேர் தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டே இறங்கினார்கள்.

பாண்டுரங்கன் மட்டும் கடைசியாக நின்று, வேதகிரி தோளில் கைபோட்டார். "பொழச்ச போ. உன் பேரு நல்லா ஓடுது நைனா. கார்த்திகைக்குப் பொரி உருண்டைக்கு எனுக்கு இருபது மூட்டை ஓணும். உன் பட்டையே போட்டுடு. சீட்டு கீட்டு வெக்காத." சிரித்துக்கொண்டே படியில் இறங்கினவர், பாதிப் படியில் சுவரோரம் ஒண்டி நின்ற ஒருத்திக்கு ஒதுங்கி வழிவிடாமல், அவளை உரசிக்கொண்டு போனார்.

மலர்க்கொடி படியில் நின்றிருந்தாள். துவைத்துக் கட்டின சேலை, தலையில் பூ, கையில் மஞ்சள் தடவிய சல்லடை. எத்தனை நேரமாக நின்றாளோ, எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

வேதகிரி ரெண்டு படி இறங்கினான். "மலரு, உன்ன காப்பாத்தத்தான் அப்பிடிச் சொன்னேன். அவனுங்க கொளுத்திப்புடுவானுங்க."

"தெரியும் சார். காப்பாத்திட்டீங்க." அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். "பட்டை ஒட்டச் சொன்னப்பவே எனுக்குத் தெரியும், பிரிச்சா உள்ள இருக்கறது வெளிய வரும்னு. பசங்களுக்குச் சோறு ஓணும்னு வாய மூடிக்கினேன். இன்னிக்கி அடி உழும், வூடு போனாலும் போவும்னுதான் கெளம்பி வந்தேன். அது மலர்க்கொடி வூடுன்னு சொல்லியாவது கொளுத்துவாங்கன்னு நெனச்சேன்."

"அப்பிடியெல்லாம் பேசாத மலரு."

"ஆளே இல்லன்னு சொல்லிட்டீங்களே சார். ஊரே ஒத்துக்கிச்சே. இனிமே நான் எந்தக் கடையாண்ட போயி, இது என் சரக்கு, என் பேரு இதுன்னு சொல்லுவேன்? ஆலோசனை சொல்றவரு நீங்கதான. சொல்லுங்க. நான் இனிமே இன்னா பண்ணட்டும்?"

வேதகிரிக்கு அவள் காலில் விழலாமா என்றுகூட இருந்தது. அவளுக்கு ஏதாவது ஒரு நல்ல வார்த்தை சொல்லவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தான். சத்தியமாக அதற்குத்தான் திறந்தான்.

"கார்த்திகைக்கு இருபது மூட்டை கேக்கறாங்க மலரு. எப்ப அடுப்பு மூட்டற?" என்றான்.

மலர்க்கொடி அவனை ஒரு தரம் பார்த்தாள். "நெல்ல அனுப்புங்க, பொரிச்சித் தரேன்" என்றாள். சல்லடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஏரிக்கரை ரோட்டில் நடந்தாள்.